பள்ளம் எங்கே போனது? ஒலி மெட்டாமெட்டீரியல் மாதிரி வேலை செய்யாதபோது பார்க்க வேண்டியவை

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் ஒலியியல் லேபில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். இறுதியாண்டு புராஜெக்ட் ஒப்படைக்கும் காலம். 3டி பிரிண்டரில் அச்சிட்ட தேன்கூடு போன்ற ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு யாராவது வாசலில் நிற்பார்கள். "அண்ணா, சிமுலேஷன்ல 40 டெசிபல் குறையுது. குழாயில வச்சா ஒண்ணுமே காணோம்."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதி வைக்கிறேன். நான் பார்த்தவரை பொருளின் வடிவமைப்பு குற்றவாளியாக இருப்பது குறைவு. ஓட்டை, ஒட்டிய விதம், அளந்த விதம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் மாட்டும். டிசைனைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. சாதாரணச் சுவர் தன் எடையால் ஒலியைத் தடுக்கிறது. எடையை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகச் சுமார் 6 டெசிபல் கிடைக்கும், அவ்வளவுதான். தாழ்ந்த ஒலிக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. மெட்டாமெட்டீரியல் என்பது எடைக்குப் பதில் வடிவத்தை நம்புகிற செயற்கைப் பொருள்: குறுகிய கழுத்து வைத்த சிறு அறைகள், சவ்வுகள், ரப்பரில் தொங்கும் குண்டுகள். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அவை ஒத்ததிர்ந்து, வரும் அலையைத் திருப்பி அனுப்பும். கடந்து போகும் ஒலியைக் காட்டும் வரைபடக் கோடு அந்த இடத்தில் கீழே விழும். அதைத்தான் எல்லோரும் பள்ளம் என்கிறோம்.

நாங்கள் அளப்பது ஒரு குழாயில்: ஒரு முனையில் ஒலிபெருக்கி, உள்ளே மாதிரி, குழாய்ச் சுவரில் மைக்குகள். எதையும் தொடுவதற்கு முன் வெற்றுக் குழாயை ஒருமுறை அளந்து பாருங்கள். மாதிரி இல்லாத குழாயில் ஒலி இழப்பு சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதுவே 3 டெசிபல் காட்டினால் மாதிரியைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.

"பள்ளமே வரவில்லை"

முதலில் விளிம்பு இடுக்கைப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் குழாய்க்குள் மாதிரியைச் சுற்றிக் கால் மில்லிமீட்டர் இடுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டால் சுமார் 78 சதுர மில்லிமீட்டர், குழாயின் குறுக்குப் பரப்பில் சரியாக 1 விழுக்காடு. கட்டட ஒலியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு: பரப்பில் 1 விழுக்காடு திறந்திருந்தால் 20 டெசிபலுக்கு மேல் ஆசைப்படாதே. குழாய்க்குள் மாதிரி தடிமனாக இருந்தால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை, மெல்லியதாக இருந்தால் இன்னும் மோசம். எப்படியானாலும் 40 டெசிபல் கனவு அந்த இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும்.

என் சொந்தக் கதை ஒன்று. லேபில் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் ஒரு பள்ளத்தைத் தேடி அலைந்தேன். அறையின் கொள்ளளவை மாற்றினேன், கழுத்தை மாற்றினேன், சிமுலேஷனை மறுபடி ஓட்டினேன். கடைசியில் பார்த்தால் விளிம்பை அடைக்க நான் வைத்த களிமண் ஏர்கோன் காற்றில் காய்ந்து, ஒரு பக்கம் மயிரிழை போல வெடித்திருந்தது. புதுக் களிமண் வைத்த அன்று மாலையே பள்ளம் வந்தது. அன்றிலிருந்து பெட்ரோலியம் ஜெல்லிதான் என் துணை. விளிம்பில் மெல்லப் பூசி, மாதிரியைத் திருகியபடியே உள்ளே தள்ளுங்கள்.

விளிம்பு சரி என்றால் அடுத்தது அச்சு. இழையை உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் பிரிண்டரில் ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே காற்று நுழையும். சுவருக்குள் பின்னல் நிரப்பை 20 விழுக்காடு என்று வைத்திருப்பீர்கள். அறையின் உட்சுவரில் ஓர் ஊசித்துளை இருந்தால் போதும், அந்தப் பின்னலுக்குள் இருக்கும் வெற்றிடம் முழுவதும் அறையோடு சேர்ந்துகொள்ளும். ஒத்ததிர்வு கீழே இறங்கும், மங்கும், சில சமயம் காணாமலே போகும்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சைக்கிள் டியூப்பில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஒரு பேசினில் தண்ணீர் நிரப்புங்கள். மாதிரியில் ஓர் அறையின் கழுத்தில் ஊசியில்லாத சிரிஞ்சை ரப்பர் குழாயோடு செருகி, இடைவெளியைப் புளூ டேக் (பிசைந்து ஒட்டும் பசை) வைத்து அடையுங்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தி மெதுவாகக் காற்றை அழுத்துங்கள். குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். பக்கத்து அறையின் கழுத்திலிருந்து குமிழி வந்தால் நடுச்சுவர் ஒழுகுகிறது. வெளிச்சுவரில் முத்து முத்தாக வியர்த்தால் அடுக்குகள் ஒழுகுகின்றன. நன்றாகக் காயவைத்துவிட்டு, நீர்த்த எப்பாக்சியை உள்ளே ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டால் பெரும்பாலும் அடைபட்டுவிடும். கழுத்துக்குள் எப்பாக்சி தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த தலைப்புக்கு வந்து சேர்வீர்கள். அடுத்த முறை அச்சிடும்போது சுவரை முழுக்க நிரப்பியே அச்சிடுங்கள், இழை கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை.

"பள்ளம் வருகிறது, ஆனால் வேறு இடத்தில்"

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இதற்கு நேர்க்கணக்கு உண்டு. பெரும்பாலான மாணவர்கள் செய்வது ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர்: ஓர் அறை, அதற்கு ஒரு கழுத்து. காலி பாட்டில் வாயில் ஊதினால் ஊங் என்று வருமே, அதேதான். கழுத்திலுள்ள காற்று எடை, அறையிலுள்ள காற்று ஸ்பிரிங்.

ஓர் எடுத்துக்காட்டு. அறை 40 கன சென்டிமீட்டர், கழுத்தின் விட்டம் 6 மில்லிமீட்டர், நீளம் 5 மில்லிமீட்டர். அப்படியே சூத்திரத்தில் போட்டால் 655 ஹெர்ட்ஸ் வரும். அளந்தால் 460 பக்கத்தில் வரும். மாணவருக்கு முகம் வெளுத்துவிடும். பிழை எதுவும் இல்லை. கழுத்தின் இரு முனைகளுக்கும் வெளியே கொஞ்சம் காற்று சேர்ந்து ஆடுகிறது, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரு முனையும் தட்டையான பரப்பில் திறந்தால் ஒவ்வொரு முனைக்கும் ஆரத்தில் 0.85 மடங்கைக் கூட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் கழுத்து உண்மையில் 10.1 மில்லிமீட்டர் போல நடந்துகொள்ளும். மறுபடி கணக்குப் போட்டால் 461 ஹெர்ட்ஸ். குட்டையான கழுத்துக்கு இந்தத் திருத்தம் இல்லாமல் கணக்கே இல்லை.

திருத்தம் போட்டும் பத்து இருபது ஹெர்ட்ஸ் விலகினால் துளையை அளந்து பாருங்கள். 3டி பிரிண்டர்கள் துளையைக் கொஞ்சம் சிறிதாகவே அச்சிடும். 6 மில்லிமீட்டர் துளை 5.7 ஆக வந்தால் அதே ரெசனேட்டர் 443க்கு இறங்கிவிடும். 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கையால் சுழற்றி உள்ளே விட்டு எடுத்தால் போயிற்று. மோட்டாரில் மாட்டாதீர்கள், பிஎல்ஏ (அச்சிடும் பிளாஸ்டிக் இழை) உருகிச் சுருண்டுகொள்ளும்.

அப்புறம் நம்மூர் வெப்பம். புத்தகங்கள் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று சொல்வது 20 டிகிரிக்கு. சிங்கப்பூரில் 20 டிகிரியை ஏர்கோன் அறையில்தான் பார்க்கலாம். 22 டிகிரி லேபில் 344, மதியம் 31 டிகிரி வெளிக்காற்றில் கிட்டத்தட்ட 350. நம் 461 ஹெர்ட்ஸ் பள்ளம் அறையை விட்டு வெளியே போன மாத்திரத்தில் 7 ஹெர்ட்ஸ் மேலே ஏறிவிடும். பள்ளம் அகலமாக இருந்தால் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஊசிபோல ஒல்லியாக இருந்தால், ராத்திரி ஏர்கோன் அணைந்த பிறகு எடுத்த அளவும் காலையில் எடுத்த அளவும் ஒத்துப்போகாததற்கு வேறு பேய் பிசாசைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வோர் அளவோடும் அறை வெப்பத்தைக் குறித்து வையுங்கள். ஈரப்பதத்துக்கும் ஒலி வேகத்தில் பங்கு உண்டு, ஆனால் சிறிது. பிரிண்டர் இழை ஈரத்தை உறிஞ்சி அச்சைக் கெடுப்பதுதான் இங்கே பெரிய தொல்லை, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

குழாய்க்கே போகாமல் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. கழுத்தின் மேல் குறுக்காக ஊதுங்கள், கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைப் பக்கத்தில் வையுங்கள். உதடு துளையைக் கொஞ்சம் மறைப்பதால் எண் சற்றுக் கீழே காட்டும். ஆனாலும் முப்பது அறைகளில் எந்த இரண்டு மட்டும் கட்சி மாறியிருக்கின்றன என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"இடம் சரி, ஆழம் இல்லை"

சிமுலேஷனில் காற்றின் பிசுக்குமையைச் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். சுவரை ஒட்டி மெல்லிய ஒரு படலத்தில் காற்று உராய்ந்து ஆற்றலை இழக்கிறது. 460 ஹெர்ட்ஸில் அந்தப் படலம் சுமார் 0.1 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் கழுத்துக்கு அது பெரிய விஷயம் இல்லை, 1 மில்லிமீட்டர் துளைக்கோ சுருள் வழிக்கோ அது பாதிச் சொத்து. தடுப்பதற்காகச் செய்த மாதிரியில் இழப்பு கூடினால் பள்ளம் ஆழம் குறைந்து அகலமாகும். உறிஞ்சுவதற்காகச் செய்த மாதிரிக்குக் கதை வேறு: உள்ளே இழக்கும் ஆற்றலும் வெளியே கசியும் ஆற்றலும் சமமாகும்போதுதான் முழுதாக உறிஞ்சும். எது உங்கள் நோக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் எதிர்பார்த்து வருகிறவர்களும் உண்டு.

"கோடு கீழே நடுங்குகிறது, மேலே காடாகக் கிடக்கிறது"

இது குழாயின் எல்லை. வட்டக் குழாய்க்குள் அலை நேராகப் போவது ஓர் அளவு வரைதான்: 0.586ஐ ஒலி வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். 100 மில்லிமீட்டர் குழாய்க்குச் சுமார் 2000 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் வரும் மேடுபள்ளங்களைப் பார்த்துப் புதுக் கண்டுபிடிப்பு என்று அறிக்கை எழுத வேண்டாம்.

கீழ் எல்லையைத் தீர்மானிப்பது மைக் இடைவெளி. இரு மைக்குகளுக்கும் நடுவே அலைநீளத்தில் 5 விழுக்காடாவது இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 346 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம்ப முடியாது. 180 ஹெர்ட்ஸில் பள்ளம் தேடுகிறவர் மைக்கைத் தள்ளி வைக்க வேண்டும். இரண்டு மைக்குகளையும் இடம் மாற்றி ஒரு முறை அளந்து, அவற்றுக்குள் இருக்கும் கட்ட வேறுபாட்டைக் கழித்துவிடுங்கள். இந்த அளவுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 10534-2 இதைத் தெளிவாகவே சொல்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

"கேட்காத இடத்தில் இன்னொரு பள்ளம்"

பயப்பட வேண்டாம், சில சமயம் இது இனாம். உங்கள் அலகுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை எடுத்து, ஒலி வேகத்தை அதன் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள். புதுப் பள்ளம் அங்கே இருந்தால் அது அடுக்கின் ஒழுங்கால் வந்தது, அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதன் விளைவு. மாட்ரிட்டில் எஃகுக் குழாய்களை வரிசையாக நட்ட ஒரு சிற்பம் இருக்கிறது, யூசேபியோ செம்பெரே செய்தது. குழாய்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டர். 1995இல் அதன் வழியாக ஒலியை அனுப்பி அளந்தபோது சுமார் 1670 ஹெர்ட்ஸில் ஒலி அடங்கியது. நம் கைக்கணக்கு 1715 என்கிறது, அவ்வளவு நெருக்கம்.

இந்த வகை, அலைநீளத்தில் பாதி அளவுக்கு இடைவெளி கேட்கும். தாழ்ந்த ஒலிக்கு அது மீட்டர் கணக்கில் போய்விடும். 2000இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் ஈயக் குண்டுகளுக்குச் சிலிக்கோன் ரப்பர் உறை போட்டு எப்பாக்சியில் புதைத்து, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியிலேயே 400 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தடுத்துக் காட்டினார்கள். அங்கே வேலை செய்தது இடைவெளி அல்ல, ஒவ்வொரு குண்டின் ஒத்ததிர்வு. உங்கள் பள்ளம் இந்த இரண்டில் எந்தச் சாதி என்று தெரிய, அலகுகளின் வரிசையைக் கலைத்து வைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஒழுங்கால் வந்தது கலைந்துவிடும், ஒத்ததிர்வால் வந்தது பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும்.

"நேற்று இருந்தது, இன்று இல்லை"

சவ்வு வைத்த மாதிரியா? அப்படியென்றால் ரப்பர் தளர்ந்துவிட்டது. சவ்வின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்தொடரும். இழுவிசை 20 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கும். பலூன் ரப்பரை இழுத்து ஒட்டிவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் இதுதான் நடக்கும். ஒட்டிய பின் ஒரு நாள் ஆறப்போட்டு அளங்கள், மறுநாளும் அளங்கள். சவ்வு இல்லாத மாதிரி மாறியிருந்தால் அது எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஒரு மாணவர் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் மதியம் முழுக்க மாதிரியை விட்டுவிட்டு வந்தார். பிஎல்ஏ 60 டிகிரி பக்கம் இளகத் தொடங்கும். கழுத்துகள் எல்லாம் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி சாய்ந்திருந்தன.

"தட்டில் அதிர்வு நிற்கவே இல்லை"

இனி, தட்டில் ரெசனேட்டர்களை ஒட்டி அதிர்வை அடக்கப் பார்ப்பவர்களுக்கு: திடப்பொருளில் ஓடும் மீள் அலைகள். காற்றில் இருப்பதைவிட இங்கே தலைவலி அதிகம், ஏனென்றால் தட்டில் அலை ஒரே வகையில் போவதில்லை. மேலும் கீழும் வளைந்து போகும், நீளவாக்கில் அழுந்திப் போகும், பக்கவாட்டில் வெட்டியும் போகும். உங்கள் ரெசனேட்டர் மேலும் கீழும் ஆடுவது என்றால் வளைவு அலையை மட்டும்தான் பிடிக்கும். தட்டின் ஓரத்தில் பக்கவாட்டாகத் தட்டிவிட்டு நிற்கவில்லை என்று புகார் சொன்னால் அது அதன் தப்பு இல்லை.

அகலம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எளிய மாதிரிக் கணக்கில் தடைப்பட்டை, அதாவது அலை கடக்க முடியாத அதிர்வெண் பகுதி, ரெசனேட்டரின் அதிர்வெண்ணில் தொடங்கும். ரெசனேட்டர் எடையைத் தட்டின் எடையால் வகுத்து, 1ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை மடங்கில் முடியும் என்று தெரியும். எடை விகிதம் 0.1 என்றால் 200இல் தொடங்கி 210 ஹெர்ட்ஸிலேயே முடிந்துவிடும். 0.5 என்றால் 245 வரை போகும். பத்து ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் நாற்பது ரெசனேட்டர்களும் ஒத்துப்போக வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தே ஒட்ட வேண்டும். ஐந்து விழுக்காடு சிதறினாலே பட்டை கந்தலாகிவிடும். ஒட்டும் பசையும் ஒரு ஸ்பிரிங்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். இரட்டைப் பக்க நுரை டேப்பில் ஒட்டி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மெல்லிய படலமாக எப்பாக்சி, இல்லையென்றால் சூப்பர் குளூ.

அளக்கும் பக்கம் இரண்டு விஷயம். அதிர்வை அளக்க ஒட்டும் முடுக்கமானியே ஒரு எடை. மெல்லிய தட்டில் கனமான ஒன்றை வைத்தால் அது உங்கள் நாற்பத்தோராவது ரெசனேட்டர். தேன்மெழுகில் ஒட்டலாம், ஆனால் 40 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். இரண்டாவது, தட்டின் ஓரங்களில் அலை மோதித் திரும்பி வந்து நிலையலையாகி, வரைபடத்தை முள்ளம்பன்றி முதுகாக்கிவிடும். ஓரமெங்கும் களிமண்ணை அப்பி அந்த எதிரொலியை அடக்கிவிட்டு அளங்கள்.

"குழாயில் ஜெயித்தது, வீட்டில் தோற்றது"

குழாயில் அலை ஒரே திசையில் நேராக வந்து மோதும். வீட்டில் எல்லாக் கோணத்திலும் வரும். பலகையைச் சுற்றி வளைந்தும் வரும். வீவக அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் அரை மீட்டர் பலகையை வைத்துவிட்டு, மீதி ஜன்னல் திறந்திருந்தால் எம்ஆர்டி ரயில் சத்தம் அந்த வழியாக நடந்து வந்துவிடும். ஜன்னலை மூடவும் முடியாது, புழுங்கும். காற்று போக வேண்டும், ஒலி போகக் கூடாது என்ற இந்தச் சிக்கலில் இங்குள்ள பல்கலைக்கழகங்கள் நிறைய உழைத்திருக்கின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2020இல் வெளியான ஆய்வில் ஜன்னல் கம்பிகளில் 24 சிறு ஒலிபெருக்கிகளை மாட்டி எதிர் ஒலியால் சுமார் 10 டெசிபல் வரை குறைத்தார்கள். அது மின்சாரம் கேட்கும் வழி. மெட்டாமெட்டீரியல் கேட்காது, ஆனால் தனக்கென்று அமைத்த அதிர்வெண்ணில் மட்டும்தான் உழைக்கும்.

அதனால் வீட்டில் வேலை செய்யவில்லை என்றால் முதல் கேள்வி: சத்தத்தில் எந்த அதிர்வெண் இருக்கிறது? இரண்டாவது: அது காற்றில் வருகிறதா, கட்டடத்தில் வருகிறதா? சுவரில் காதை வைத்தால் சத்தம் கூடினால் அது கட்டடம் வழியாக வருகிறது.

ஈசூனில் எங்கள் அத்தை வீட்டுக்குப் போனபோது ஹாலின் சுவர் முழுக்கக் கறுப்புப் பலகைகள். "உன் படிப்புக்காரங்க செய்ற சாமான்தான், இணையத்துல வாங்கினேன். மேல் வீட்டு வாஷிங் மெஷின் சத்தம் அப்படியே இருக்கு தம்பி," என்றார். மேல்தளத்தின் 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டில் 100 ஹெர்ட்ஸ் வளைவு அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அது தளத்தையே ஆட்டி, தளம் அறையையே ஆட்டுகிறது. பக்கச் சுவரில் இரண்டு சென்டிமீட்டர் பலகை ஒட்டி அதை என்ன செய்ய? மேல் வீட்டுக்காரரிடம் பேசி, மெஷினைத் தளத்தின் நடுவிலிருந்து தூணை ஒட்டிய மூலைக்கு நகர்த்தி, காலடியில் கனமான ரப்பர் வைத்துவிட்டு வந்தோம். பலகைகள் இன்னும் அதே சுவரில்தான் இருக்கின்றன. ஹாலில் பேச்சு இப்போது தெளிவாகக் கேட்கிறது என்று அத்தை சொல்கிறார்.